நாலு மதிலுக்கு நடுவே தோட்டம்: வெயிலை அளந்த பிறகு செடியைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிஞ்சியிருந்தால் பெரும்பாலானோர் முதலில் போவது நர்சரிக்கு. அங்கே பூத்தும் காய்த்தும் நிற்கிற பத்துச் செடிகளை வாங்கி வந்து, காலியாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் நட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தக்காளி நெடுநெடுவென்று ஒல்லியாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். மல்லிகை இலை மட்டும் விடும். புதினா கருகிப் போயிருக்கும். மண் சரியில்லை, கை ராசியில்லை என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்க்காமலே நட்டதுதான் கோளாறு.

உரமும் தண்ணீரும் நாம் கொண்டுவந்து கொடுக்கக்கூடியவை. மண்ணைக்கூட மாற்றலாம். வெயிலை மட்டும் கொண்டுவர முடியாது. வீட்டுச் சுவரும் அண்டை வீட்டு மாடியும் எவ்வளவு விடுகின்றனவோ அவ்வளவுதான். அதனால் சின்ன இடத்தில் திட்டம் போடும்போது வெயில் முதலில், தண்ணீர் அடுத்து, மண் அதற்கடுத்து, செடி கடைசியில். இந்த வரிசை மாறக் கூடாது.

வெயிலை அளப்பது

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் இடத்தை ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் வரையுங்கள். வடக்கு எது என்று அம்புக்குறி போடுங்கள். வீட்டுச் சுவர், காம்பவுண்டு சுவர், தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க், கிணறு, துணி காயப்போடும் கொடி எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு மேகமில்லாத ஒரு நாளில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கு ஒரு முறை வெளியே போய், நிழலின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று தாளில் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மாலையில் அந்தத் தாளைப் பார்த்தால் ஒவ்வொரு மூலைக்கும் எத்தனை மணி நேரம் வெயில் என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அளந்த மாதத்துக்குத்தான் அந்த அளவு பொருந்தும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்து நிற்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில் சாய்வு அதிகம். அப்போது நடுப்பகலில்கூட ஒரு சுவரின் நிழல், சென்னைப் பக்கம் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். கன்னியாகுமரிப் பக்கம் ஐந்தில் மூன்று பங்கு.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். தரைமட்ட மேடையும் கைப்பிடிச் சுவரும் சேர்த்துத் தனி வீடு 15 அடி உயரம் என்றால், மார்கழியில் வீட்டுக்கு வடக்கே 11 அடி வரை நிழல். வடக்குப் பக்கம் 10 அடி கொல்லை இருந்தால் அது முழுவதும் நடுப்பகலிலும் இருட்டில்தான் கிடக்கும். அதே இடம் வைகாசியில் பளிச்சென்று வெயிலில் இருக்கும். வைகாசியில் பார்த்துவிட்டு அங்கே தக்காளி போடலாம் என்று முடிவெடுத்தால், காய்க்கிற பருவத்தில் வெயில் போய்விடும். நம் ஊரில் காய்கறிக்கு நல்ல காலம் ஆடி முதல் மாசி வரை. ஆகவே கணக்கை எப்போதும் மார்கழி நிழலுக்கே போடுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிற தோட்டக் குறிப்புகள் தெற்குப் பக்கமே சிறந்தது என்று சொல்லும். அங்கே அது சரி. இங்கே கிழக்குப் பக்கம்தான் வரம். காலை வெயில் இலையில் இருக்கிற பனி ஈரத்தைச் சீக்கிரம் காயவைக்கும், பூஞ்சாண நோய் குறையும். பிற்பகல் 3 மணி வெயிலை வீட்டுச் சுவரே மறைத்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் இதற்கு நேர் எதிர். நேரக் கணக்கில் வெயில் அதேதான், ஆனால் சித்திரை மாதத்தில் சுவரின் சூடும் சேர்ந்துகொண்டு மென்மையான செடிகளை வாட்டிவிடும். அங்கே வாழை, செம்பருத்தி, கற்றாழை மாதிரி தாங்குகிற செடிகள் சரி.

எத்தனை மணி நேரத்துக்கு எந்தச் செடி

ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழும் இடத்தில்தான் தக்காளி, வெண்டை, கொத்தவரை, மல்லிகை, எலுமிச்சை போன்றவை ஒழுங்காகக் காய்க்கும், பூக்கும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் கத்தரியும் மிளகாயும் விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் வீட்டுக்குப் போதுமான அளவு தரும். கறிவேப்பிலையும் எல்லாக் கீரையும் நன்றாக வரும். மூன்று நாலு மணி நேரம் மட்டும் என்றால் மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, மஞ்சள், இஞ்சி. அதற்கும் கீழே, ஈரமான நிழலில், புதினா, வல்லாரை, வெற்றிலை, கற்பூரவல்லி. ஒரு மணி நேர வெயிலும் வராத இடத்தில் சாப்பாட்டுச் செடி எதையும் நடாதீர்கள். அதை நடைபாதைக்கோ, உரத்தொட்டிக்கோ விட்டுவிடுங்கள்.

காய் வேண்டுமானால் வெயில் வேண்டும். இலை போதுமென்றால் பாதி வெயில் போதும். தொடங்குபவர் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்

மேற்குப் பார்த்த வாசல். வீட்டுக்குப் பின்னால், கிழக்கே, ஒரு கொல்லை: கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 12 அடி. மொத்தம் 120 சதுர அடி. மேற்கே வீட்டுச் சுவர், மற்ற மூன்று பக்கமும் 5 அடி காம்பவுண்டு சுவர். அரை கிரவுண்டில், அதாவது 1200 சதுர அடியில், வீடு கட்டியவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்த அளவுதான்.

இங்கே வெயிலை அளந்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். காலை 8 மணிக்குச் சூரியன் தாழ்வாக இருப்பதால் கிழக்குச் சுவரின் நிழலே கொல்லையின் பெரும்பகுதியை மூடியிருக்கும். பிற்பகலில் வீட்டு நிழல் வந்துவிடும். தரையில் நாலு, நாலரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். தெற்குச் சுவரை ஒட்டிய மூன்றரை அடிக்கு மார்கழியில் அதுவும் கிடையாது. ஆனால் ஆறரை அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள்: காம்பவுண்டுச் சுவருக்கு மேலே காலையிலேயே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மதில் சூழ்ந்த கொல்லையில் வெயில் தரையில் இருப்பதில்லை, மேலே இருக்கிறது. ஆகவே காய்ப்பதைப் பந்தலில் ஏற்றுங்கள், கீரையைத் தரையில் வையுங்கள். சின்னக் கொல்லைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பந்தல் வடக்குச் சுவரை ஒட்டி வரட்டும்: 10 அடி நீளம், 3 அடி அகலம். வடக்கே ஏன்? ஆவணி முடிந்ததிலிருந்து சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் பந்தல் நிழல் வடக்கே போய்விடும், பாத்தியில் விழாது. தெற்கே பந்தல் போட்டால் காய்கறிப் பருவம் முழுவதும் பாத்தி இருட்டில் கிடக்கும். 8 அடிச் சவுக்குக் கம்போ ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்போ நாலு போதும். ஒன்றரை அடி மண்ணுக்குள் போனால் மேலே ஆறரை அடி நிற்கும். மேலே கம்பி கட்டி நைலான் கொடி வலையை விரியுங்கள். ஆடிக் காற்றில் கம்பு சாயாமலிருக்க மூலைக் கம்புகளைச் சுவரோடு இழுத்துக் கட்டுவது நல்லது.

பந்தலுக்கடியில் 5 அடி இடைவெளியில் இரண்டு குழி. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைத்த பிறகு விதை போடுங்கள். ஒரு குழியில் பீர்க்கு, இன்னொன்றில் பந்தல் அவரை. குழிக்கு நாலு விதை. முளைத்ததும் நல்ல இரண்டை மட்டும் விட்டு மற்றதை நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அறும். புடலை ஆசை இருந்தால் குட்டைப் புடலை வாங்குங்கள்; நீளப் புடலை இந்தப் பந்தலில் தரையைத் தொட்டுவிடும்.

தெற்குச் சுவரோரம் 3 அடி அகலப் பட்டை நிழல் செடிகளுக்கு. புதினாத் தண்டை ஐந்து அங்குலமாக வெட்டி, அரை அடிக்கு ஒன்றாகப் படுக்கவைத்து மண் மூடினால் போதும். அதையடுத்து வல்லாரை, ஒரு ஓரத்தில் வெற்றிலைக் கொடி, கற்பூரவல்லி. புதினா எல்லை தெரியாமல் பரவும். பட்டையைச் சுற்றிச் செங்கலை ஓர் அடி ஆழத்துக்கு நட்டுவையுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பாத்திக்குள் வந்துவிடும்.

நடுவே மிஞ்சுவது தெற்கு வடக்காக 6 அடி, கிழக்கு மேற்காக 10 அடி. வீட்டுச் சுவரை ஒட்டி 3 அடியைக் காலியாக விடுங்கள். அஸ்திவாரத்தின் ஓரம் எப்போதும் ஈரமாக இருப்பது வீட்டுக்கு ஆகாது, நடக்கவும் இடம் வேண்டும். மிச்சம் 7 அடியில் இரண்டு பாத்தி, நடுவே ஒன்றரை அடிப் பாதை. வீட்டுப் பக்கத்துப் பாத்திக்கு இரண்டு பக்கமும் பாதை இருப்பதால் மூன்றரை அடி அகலம் வைக்கலாம். கிழக்குச் சுவரை ஒட்டிய பாத்தியை ஒரு பக்கமிருந்துதான் எட்ட முடியும். அதற்கு 2 அடிக்கு மேல் வேண்டாம். குனிந்து கை நீட்டினால் சிரமமின்றி எட்டுவது அவ்வளவுதான். எட்டாத இடத்தில் களை எடுக்க மாட்டோம். பாத்திக்குள் காலை வைத்தால் மண் இறுகிப் போகும்.

அகலப் பாத்தியின் மேற்கு விளிம்பில், தெற்கு வடக்காக ஒரே வரிசையில், இரண்டு கத்தரி, இரண்டு மிளகாய். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, கத்தரிக்கு 2 அடி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் கிழக்கிலிருந்து வருகிறது, ஆகவே உயரமான செடிகள் மேற்கே இருந்தால்தான் முன்னால் இருக்கும் கீரைக்கு நிழல் கட்டாது. முன்பக்கம் சிறுகீரையும் அரைக்கீரையும். குறுகிய பாத்தியில் மணத்தக்காளி இரண்டு, மிச்சமெல்லாம் பொன்னாங்கண்ணி. வடமேற்கு மூலையில், பந்தலுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே, சுவரிலிருந்து 3 அடி தள்ளி ஒரு கறிவேப்பிலை. ரசம் கொதிக்கும்போது எட்டிப் பறிக்கிற தூரத்தில் அது இருக்க வேண்டும்.

காலி மூலைகளில் துளசியும் செண்டுமல்லியும் வையுங்கள். அழகுக்காக மட்டும் இல்லை. தேனீ வந்தால் பந்தலில் காய் நன்றாகப் பிடிக்கும்.

மரங்களுக்கு இடம் இல்லை

இதைச் சொல்லும்போது பலருக்கு மனம் ஒப்பாது. ஆனாலும் 120 சதுர அடியில் தென்னை, மா, வேம்பு வேண்டாம். தென்னைக்குத் தோப்பில் விடுகிற இடைவெளியே 25 அடி. முருங்கையும் இந்த இடத்துக்கு ஏற்றதல்ல: கிளை மளுக்கென்று ஒடியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஏறும், கதவுக்குப் பக்கத்தில் அது பெரும் தொல்லை. வீட்டு முன்புறத்தில் 8 அடிக்கு 8 அடி தனியாக இருந்தால் அங்கே பி.கே.எம்.1 ரக முருங்கை போட்டு, இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளை விட வைக்கலாம். பழ ஆசைக்குப் பப்பாளி ஒன்று. ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தை ஒரே ஒரு கன்று வைத்தால் அது ஆண் மரமாகிப் போகலாம். கோ 7 மாதிரி, ஆண் மரம் தனியாக வராத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணும் தண்ணீரும்

புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி இருப்பது மண் அல்ல, கட்டட இடிபாடு. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அடையாளம். ஒரு பிடி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. பாத்தி வரும் இடத்தில் மட்டுமாவது ஓர் அடி தோண்டி, கல்லையும் காரையையும் வெளியேற்றி, செம்மண் கொட்டுவது ஒருமுறைச் செலவு. அதைத் தவிர்த்துவிட்டு ஆண்டுதோறும் உரத்துக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

வடிகால் பார்க்க, ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள். உடனே மறுபடி நிரப்புங்கள். நாலைந்து மணி நேரத்தில் வடிந்தால் நல்ல மண். மறுநாளும் நின்றால் களிமண்: பாத்தியைத் தரைக்கு மேல் 8 அங்குலமாவது உயர்த்துங்கள், ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் அதுதான் காப்பாற்றும். கால் மணி நேரத்தில் காணாமல் போனால் கடலோர மணல். அதற்கு மக்கிய உரமும் மூடாக்கும் (மண்ணின் மேல் பரப்புகிற காய்ந்த இலை) இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டு பாத்தியும் சேர்த்து 33 சதுர அடி. அதன் மேல் 2 அங்குல உயரத்துக்கு மக்கிய உரம் பரப்ப ஐந்தரை கன அடி, ஏறக்குறைய 155 லிட்டர் வேண்டும். அதை மேல் அரை அடி மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடோ நாற்றமோ இருக்கக் கூடாது. பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், வண்டுப் புழுவும் சேர்ந்து வரும்.

வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். இந்தப் பாத்திகளுக்கு ஒரு வாளி, 15 லிட்டர். தினமும் ஊற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் இன்று வேண்டாம். நடுப்பகலில் இலை தொய்வதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிடுவது பலர் செய்கிற பிழை; கத்தரியும் பீர்க்கும் வெயிலில் தொய்ந்து மாலையில் தானே நிமிரும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அவரையும் எலுமிச்சையும் இலை ஓரம் கருகிக் காட்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: அதில் இருப்பது மூலத் தண்ணீரின் உப்பு, இன்னும் செறிவாக. தரை கழுவ அது ஆகும், பாத்திக்கு ஆகாது. செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி மேல் கீரை போடவே கூடாது.

எப்போது எதைப் போடுவது

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற சொல் கொல்லைக்கும் பொருந்தும். கத்தரி, மிளகாய் விதையை ஆனித் தொடக்கத்தில் நாற்றுத் தட்டில் தென்னை நார்க் கழிவில் போட்டால், 35, 40 நாளில் ஆடியில் நட நாற்று தயார். பீர்க்கும் அவரையும் நேரடியாக ஆடியில். பந்தல் அவரை, பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும்; தை மாதம் விதைத்தால் பந்தல் நிறைய இலை மட்டும் இருக்கும், காய் அடுத்த கார்த்திகைக்குத்தான். விதை கெட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

கீரை விதை பொடியானது. அரைத் தேக்கரண்டி விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். தூவியபின் மண் மூடாமல் கையால் தட்டிவிட்டு, பூவாளியால் மட்டும் தண்ணீர். எறும்பு விதையைத் தூக்கிப்போகும். பாத்தியைச் சுற்றி அரிசி மாவு தூவினால் அது அங்கேயே நிற்கும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பாத்தி முழுவதும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் கீரை குவிந்து, அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமிருக்காது. மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் தூவுங்கள்.

பங்குனி, சித்திரையில் பாத்திக்கு மேல் 50 சதவீத நிழல் வலையும், செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கும் வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளியிருக்கட்டும்.

முதல் ஆண்டில் வரும் கலக்கங்கள்

பீர்க்கில் முதலில் வருகிற பூ எல்லாம் உதிரும். அவை ஆண் பூக்கள், உதிரத்தான் வேண்டும். அடியில் சின்னப் பிஞ்சோடு வருவது பெண் பூ. அதுவும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கு மாலையில் மலரும். அந்நேரம் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். பிஞ்சு வளைந்து அழுகினால் பழ ஈ. அந்தக் காயைப் பறித்துக் கொல்லையிலேயே போடாமல், பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள், உள்ளே இருக்கும் புழு சாகும்.

கத்தரியின் குருத்து திடீரென்று தலை சாய்ந்தால் தண்டுக்குள் துளைப்பான் புழு இருக்கிறது. மருந்து தேட வேண்டாம், சாய்ந்த இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி அழித்துவிடுங்கள். மிளகாயில் அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி காதி சோப்புக் கரைசல், மாலை 5 மணிக்குமேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து பயனில்லாமல் போகும்.

அடுத்த ஆடியில் கத்தரியையும் மிளகாயையும் அதே இடத்தில் வைக்காதீர்கள். தக்காளியும் மணத்தக்காளியும் அதே குடும்பம்தான், அவற்றையும் அங்கே வைக்கக் கூடாது. வாடல் நோய்க் கிருமியும் நூற்புழுவும் மண்ணில் தங்கியிருக்கும். அந்த வரிசையில் கொத்தவரை வரட்டும், நாலரை மணி வெயிலில் கொஞ்சமாகத்தான் காய்க்கும் என்றாலும் மண்ணுக்கு நல்லது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த ஓர் ஆண்டு பாத்தியில் இடமில்லை. பந்தலோரமாக 15 லிட்டர் தொட்டியில் புதுமண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.